நான் வராத ஆட்டங்கள்

மகள் மிதுனா,

போன ஞாயிற்றுக்கிழமை உன் கூடைப்பந்து அணியின் பிரியாவிடை முடிந்து வீட்டுக்கு வரும்போது காருக்குள் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் சிக்னலைப் போட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்து, அடுத்த பாதைக்கு மாறினேன். மாற வேண்டிய தேவையே இருக்கவில்லை. "நாளைக்குக் கதைப்பம் மகள்" என்றேன். நாளை வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. நீ உன் அறையில் சாமான் கட்டுகிறாய். நான் வேலையிடத்திலிருந்து வெறும் மட்டைப் பெட்டிகள் கொண்டுவந்து தருகிறேன். நீ வேலைக்குப் போகிற ஹலிஃபாக்ஸ் நகரத்துக் குளிரைப் பற்றியும் உன் புது வாடகை வீட்டின் சொந்தக்காரரைப் பற்றியும் கதைக்கிறோம். அந்தக் கேள்வியை மட்டும் இருவரும் தொடவில்லை. சனிக்கிழமை நீ போய்விடுவாய். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் நான் திரும்பவும் பாதை மாறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எனக்குத் தமிழில்தான் எழுத வரும். நீ எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய். பரவாயில்லை, இது வேகமாக வாசித்துவிட்டு வைக்கிற விஷயம் இல்லை.

உன் பேச்சை நான் எதிர்பார்க்கவில்லை. பல்கலைக்கழக உள்ளரங்கில் மேசை போட்டு, கேக் வெட்டி, உன் சட்டையைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக எழும்பி, மிதுனா விளையாடினால் எத்தனை புள்ளி வரும் என்று ஆட்டத்துக்கு முதலே எழுதி வைத்துவிடலாம், காய்ச்சல் என்றாலும் பனிப்புயல் என்றாலும் அவள் ஒரே மாதிரித்தான் என்று சொன்னார்கள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். உன் அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "நீங்கள் மிதுவின் மாமாவா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். தகப்பன் என்றேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு அது உறைக்கவில்லை. பிறகு நீ ஒலிவாங்கியைப் பிடித்தாய். "எப்படி ஒரே மாதிரி ஆடினாய் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. பார்வையாளர் படிகளில் நான் தேட வேண்டிய முகம் இருக்கவில்லை. ஆகவே வளையத்தை மட்டும் பார்த்தேன்" என்றாய். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாதி தட்டும்போதுதான் நீ சொன்னது விளங்கியது. பிறகு கையை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததை நீ அறிவாய். உன் பள்ளிக்கூட நாள் பயிற்சியாளர் நதாலியையும் அன்று அழைத்திருந்தார்கள். அவர் கோட்டுகள் தொங்கவிட்டிருந்த மூலைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். உன் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். "மிது, அது என் பிழை. உன் அப்பாவை வர வேண்டாம் என்று கேட்டது நான். ஒரு போட்டிப் பருவத்துக்குத்தான் கேட்டேன். அவர் உன்னிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்" என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ பார்த்தது, தெரியாத ஒரு மனிதனை வரிசையில் நிற்கும்போது பார்ப்பதுபோல. பிறகு காருக்குள் கேட்டாய்: "கோச் கேட்டது ஒரு சீசனுக்குத்தானே? மத்த வருசமெல்லாம் ஏன் அப்பா வரல்ல?"

பின் இருக்கையில் இருந்த அம்மாவுக்கும் அன்றுதான் இந்தக் கதை தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவ எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைக்கிறா, சாப்பாடு போடுகிறா. கதைக்கிறா இல்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். நான் விளையாட்டுக்காரன் இல்லை. மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கிரிக்கெட் ஆடும்போது பந்து பொறுக்கப் போனவன். இங்கே கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்குப் பக்கத்தில் ஊர்மன்றத்தின் உள்ளரங்கு ஒன்று இருந்தது. பள்ளி விட்டு நான் வேலையால் வரும் வரைக்கும் நீ அங்கே நிற்கலாம், சூடாக இருக்கும் என்பதற்காகத்தான் உன்னை அனுப்பினேன். பன்னிரண்டு வயதில் நீ வகுப்பிலேயே உயரம். ஒரு பின்னேரம் பனிச் சப்பாத்தோடு வாசலில் நின்று உன்னைக் கூப்பிடப் போனேன். கூப்பிடாமல் நின்றுவிட்டேன். உன்னைவிடப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேருக்கு நடுவால் நீ பந்தைத் தட்டிக்கொண்டு போய், ஒரு எம்பு எம்பி, கையை மடக்கி விட்டாய். பந்து வளையத்தில் படாமல் வலையை மட்டும் அசைத்துக்கொண்டு விழுந்தது. அந்த நேரம் எனக்கு வந்த எண்ணத்தை நேர்மையாகச் சொல்கிறேன். "என் பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள்" என்று நான் நினைக்கவில்லை. "இவளை வைத்து நாங்கள் மேலே வந்துவிடலாம்" என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் படித்தேன். புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்கிற களஞ்சியசாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் காணொளிகளைப் பார்த்தேன். கறி ஆறிப்போகும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். நட்சத்திரம் என்று பெயர் எடுத்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருந்ததாக எனக்குப் பட்டது. ஒரு நாள் பிரமாதமாக ஆடிவிட்டுப் போகிறவர்கள் பலர். ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம், அசதியோடும் நோவோடும் அதே அளவு ஆடுகிறவர்களைத்தான் ஆட்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது உண்மைதான், இன்றைக்கும் நான் அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வெட்டி ஒட்டிய காணொளிகள். விழுந்த பந்துகளை மட்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்திருந்தார்கள். அதே மனிதர்கள் தவறவிட்ட எறிதல்களை, ஆடாமல் தலையைக் குனிந்துகொண்டு ஓரத்து வாங்கில் இருந்த நாட்களை எவரும் எனக்குக் காட்டவில்லை, நானும் தேடவில்லை. தவறே விடாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு நான் உன் முன்னால் வந்து நின்றேன்.

நதாலியின் அணியில் நீ சேர்ந்த முதல் வருடம் நான் எல்லா ஆட்டங்களுக்கும் வந்தேன். உன்னோடு ஆடிய எலோடியின் தகப்பன் ரெனே எனக்குப் பக்கத்தில் இருப்பார். ஹெயிட்டிக்காரர், பஸ் ஓட்டுகிறவர், பொரித்த வாழைக்காய்ப் பொட்டலம் ஒன்றைப் படி முழுக்க நீட்டிக்கொண்டு இருப்பார். எலோடி பந்தைப் பறிகொடுத்தாலும் கை தட்டுவார், போட்டாலும் தட்டுவார். இந்த மனிதருக்கு விளையாட்டு விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். நான் தட்டுவதில்லை. கத்துவேன். "கையை உசத்து! நித்திரையா? ஓடு மகள், ஓடு!" தமிழில் கத்தினால் மற்றவர்களுக்கு விளங்காது என்று ஒரு தைரியம். சொல் விளங்காவிட்டால் என்ன, குரல் எல்லோருக்கும் விளங்கியது. உனக்குச் சொல்லும் விளங்கியது.

நீ ஒரு ஆட்டத்தில் மழைபோலக் கொட்டுவாய். அடுத்ததில் கை மரத்துப்போனவள்போல நிற்பாய். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வென்ற நாள் வழியில் இறங்கி உனக்குப் புட்டீன் வாங்கித் தருவேன், உருளைக்கிழங்கின் மேலே சீஸ் உருகி வழிய நீ காருக்குள்ளேயே சாப்பிடுவாய், நான் உன் ஒவ்வொரு எறிதலையும் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரிப்பேன். சோர்ந்த நாள், ஆன்றி-புராஸா வீதி முழுக்க ஒரு சொல் பேசமாட்டேன். ரேடியோவையும் நிறுத்திவிடுவேன். அதைப் பயிற்சி என்று நினைத்தேன். பிள்ளைக்கு வித்தியாசம் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நீ வீட்டுக்கு வந்து தட்டோடு அறைக்குள் போவாய். அம்மா என்னிடம், "இஞ்சாருங்க, புள்ள விளையாடப் போகுதா, சோதினைக்குப் போகுதா?" என்பா. "ஸ்டார் எண்டா ஒவ்வொரு நாளும் ஸ்டார். உங்களுக்கு விளங்காது" என்பேன். உன்னிடம் நிதானத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நான், ஒரு வாரம் சீனியாகவும் ஒரு வாரம் மிளகாயாகவும் இருந்தேன். இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது என்று சொன்னால் பொய். அப்போதே கொஞ்சம் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

வேலையில் ஓவர்டைம் விழுந்து நான் வர முடியாத ஆட்டங்களில் நீ நன்றாக ஆடினாய் என்று அம்மா சொல்லுவா. "எதிரில ஏலாத டீம் வந்திருக்கும்" என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிடுவேன்.

லவாலில் நடந்த ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். நான் மறக்க முயன்று முடியாமல்போன ஆட்டம் அது. முடிய இன்னும் சில நொடிகள், ஒரு புள்ளி பின்னால் நிற்கிறீர்கள், உன்னை ஒருத்தி இடித்ததற்கு உனக்கு இரண்டு தனி எறிதல்கள். மற்ற எல்லோரும் நிற்க, நீ மட்டும் கோட்டில் பந்தைத் தட்டுகிறாய். எறிவதற்கு முதல் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதுவும் வெளியே போனது, மற்றதும் வெளியே போனது. ரெனே எழுந்து நின்று கை தட்டினார். நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு, நீ பார்க்கிறாய் என்று தெரிந்தே, வாசலால் வெளியே நடந்தேன். காருக்குள் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய் என்று நடிக்கமாட்டேன். "நீ ஸ்டார் இல்ல மகள். நீ ஒரு மத்தாப்பு. கொளுத்தினா ரெண்டு நிமிசம் எரிவாய், மறுகா கம்பிதான் மிச்சம்." நீ அழவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பி, வாயால் ஊதி ஊதி, அந்த ஆவியில் விரலால் ஏதோ கீறிக்கொண்டு வந்தாய். உனக்குப் பதினைந்து வயது.

அந்தக் கிழமைதான் நதாலி என்னைக் கூப்பிட்டார். உள்ளரங்குக்குப் பக்கத்தில் பந்துகள் அடுக்கி வைத்த சின்ன அறை. முதலில் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். கோபமாகக் கதைக்கவில்லை. "ஐயா, மிதுவின் ஆட்டம் ஏறி இறங்குகிறது என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். நானும் கவலைப்பட்டேன். அது தன்பாட்டில் ஏறி இறங்கவில்லை. நீங்கள் வருகிற நாட்களில் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் எறிந்த பிறகு அவள் வளையத்தைப் பார்ப்பதில்லை, உங்களைப் பார்க்கிறாள்" என்றார். "என் பிள்ளை. நான் பார்க்க வரக்கூடாதா?" என்றேன். "வரலாம். ஆனால் இந்தப் பருவம் முடியும் வரைக்கும் வராதீர்கள் என்று கேட்கிறேன். கட்டளை இல்லை. அவளிடம் நீங்களே சொல்லுங்கள். உன் நன்மைக்காக நாங்கள் இருவரும் யோசித்து எடுத்த முடிவு, எனக்கு வர ஆசைதான், என்று சொல்லுங்கள். அதைச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் அவள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாள்" என்றார். நான் "ஓம், சரி" என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் என்ன சொன்னேன்? "இனிச் சனிக்கிழமையில வேலை மகள். வர ஏலாது." அவ்வளவுதான். நீ லவால் ஆட்டத்தை நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. உன்னைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் நான் வராமல் விடுகிறேன் என்று நீ நினைக்கிறாய் என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. ஒரு சொல் போதும் அதைத் திருத்த. "உன்ட கோச் என்னை வர வேணாம் எண்டு சொல்லிட்டா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்கு முன்னால் சிறுத்துப்போக நான் விரும்பவில்லை. நீ சிறுத்துப்போவதை விரும்பினேன் என்று அதற்குப் பொருள். எனக்கு அப்போது அது அப்படித் தெரியவில்லை, ஆனால் அதுதான் பொருள்.

பிறகு நீ ஆடினாய், மிதுனா. வாரம் வாரம், ஒரே அளவாக. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவது ரெனே. நான் குப்பைப் பை போடுவதுபோலக் கீழே இறங்கிப் போய் அவருடைய காரின் கண்ணாடியில் கேட்பேன். "இன்றும் அப்படித்தான். இந்தப் பிள்ளைக்கு ஐஸ்தண்ணி ஓடுகிறது நரம்பில்" என்பார். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீ நன்றாக ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் நதாலி சொன்னது சரி என்பதற்கு ஒரு சாட்சியாக வந்து என் முன்னால் நின்றது. நீ குளித்துவிட்டு, ஈரத் தலையோடு குசினி வாசலில் வந்து நிற்பாய். நான் கேட்பேனா என்று பார்த்துக்கொண்டு நிற்பாய். நான் செய்தி பார்ப்பேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து எதையாவது எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு போவாய். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் நீயே கேட்டாய். "அப்பா, நாளைக்கு ஃபைனல். ஒரு நாள் லீவு எடுக்க ஏலாதா?" ஏலாது என்றேன். அம்மா அன்று என்னோடு பிடித்த சண்டை உனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நீங்கள் வென்று கோப்பையோடு வந்தீர்கள். அம்மா உன்னைக் கட்டிப் பிடித்து அழுதா. நான், "கெட்டிக்காரி" என்றேன். அந்தப் பருவம் முழுவதற்கும் சேர்த்து நான் உனக்குச் சொன்ன ஒரே நல்ல சொல்.

இதுவரைக்கும் நதாலி கேட்டது. இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

பருவம் முடிந்த பிறகு நதாலி என்னை அழைத்து, "அடுத்த வருடம் வாருங்கள், மேல் படியில் அமைதியாக இருங்கள், அவள் இப்போது உறுதியாகிவிட்டாள்" என்று சொன்னார். நான் வரவில்லை. நீ பள்ளி முடித்து செஜெப் கல்லூரிக்குப் போய் அங்கே ஆடினாய், வரவில்லை. பல்கலைக்கழகத்தில் உன் படத்தைச் சுவர் அளவுக்கு ஒட்டியிருந்தார்கள் என்று அம்மா வந்து சொன்னா, வரவில்லை. வேலை என்றேன், முதுகு நோ என்றேன், பனி என்றேன். உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். நான் வந்து அந்தப் படியில் இருந்து, நீ திரும்பிப் பார்த்து, உன் கை மறுபடியும் மரத்துப்போனால், இவ்வளவு காலமும் உன்னை இழுத்து விழுத்தியது நான்தான் என்பது முடிந்த முடிவாகிவிடும். வராமல் இருந்தால் அதை அறியாமலே இருந்துவிடலாம். உனக்காக விலகி நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கேட்க நன்றாக இருந்தது. ஒரு தகப்பன் தியாகம் செய்கிறான் என்பதுபோல. நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்னை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக ஆட்டங்களை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். சனிக்கிழமை வேலை என்று சொன்னது பொய்யாகப் போகக்கூடாது என்று நான் உண்மையாகவே சனிக்கிழமை வேலை கேட்டு வாங்கியிருந்தேன். களஞ்சியசாலைச் சாப்பாட்டு அறையில் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து உன்னைப் பார்த்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். நீ போட்டதையும் பார்த்தேன், தவறவிட்டதையும் பார்த்தேன். வெட்டாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று முதல்முதல் அப்போதுதான் கண்டேன். ஒரு முறை நீ நான்கு எறிதல்களைத் தொடர்ந்து தவறவிட்டாய். பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஐந்தாவதை எறிந்தாய். நான் கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினேன். பக்கத்து மேசையில் சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதை எனக்கு நல்ல பெயர் எடுக்க எழுதவில்லை. நான் பார்த்தது உனக்குத் தெரியாது. உனக்கு நடந்தது, நீ படிகளைப் பார்த்தபோது அங்கே நான் இல்லை என்பதுதான். திரையில் பார்த்தேன் என்று சொல்லி அதை மாற்ற முடியாது.

உன் காலும் என் கணக்கில்தான் வரும். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் பாத எலும்பில் வெடிப்போடு நீ வாரக்கணக்காக ஆடியிருக்கிறாய். எவருக்கும் சொல்லவில்லை. சப்பாத்து ஏறாமல் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அம்மா கண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காத்திருக்கும் இடத்தில் நான், "ஏன் மகள் சொல்லல்ல?" என்று கேட்டேன். நீ சாதாரணமாக, என்னைக் குத்திக் காட்டாமல், நேரம் சொல்வதுபோலச் சொன்னாய்: "ஒரு நாளும் கீழ போகக்கூடாது எண்டு நீங்கதானே சொன்னீங்க." நான் வராமல் விட்டால் என் குரலும் வராமல் விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தவறாமல் வந்திருக்கிறது. கை தட்டுவதற்கு மட்டும் எவரும் வரவில்லை. அன்று அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். உன் பெயரைக் கூப்பிட்டார்கள், நீ அங்கே தந்த ஊன்றுகோலை எடுத்தாய், நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவ்வளவோடு விட்டுவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் நான் ஜான்-டலோன் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரெனேயின் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடமும் உன்னை ஏற்றி இறக்கியதற்கு நான் அவருக்கு ஒரு நாளும் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. மாம்பழப் பெட்டியை நீட்டிக்கொண்டு வாசலில் நின்று, என் உடைந்த பிரெஞ்சில் எல்லாக் கதையும் சொன்னேன். உனக்குச் சொல்ல முதல் வேறு ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அவர் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். மாம்பழப் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வருடமும் மிது காரில் ஏறியதும் கேட்பாள், எலோடி போட்டதுக்குக் கை தட்டின மாதிரி எனக்கும் தட்டினீங்களா என்று. தட்டினேன் என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் விட்ட பிறகும் நான் தட்டினேன்" என்றார். அந்த மனிதருக்கு விளையாட்டு விளங்காது என்று நினைத்தவன் நான். காரில் ஏறி, இக்னிஷனில் சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல் அப்படியே இருந்தேன். வீட்டுக்கு மாம்பழமும் இல்லாமல், சந்தைக்குப் போனவன்போலவும் இல்லாமல் வந்து நின்றபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டால் உனக்கு இன்னொரு வேலை தருவதுபோல ஆகிவிடும். நீ கேட்ட கேள்விக்குப் பதில், நான் கோழையாக இருந்தேன் என்பது. உன்னில் வெட்கம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. லவாலில்கூட இல்லை. அன்று நான் வெளியே நடந்தது, என்னுடைய முகத்தை மற்றத் தகப்பன்மார் பார்க்கக்கூடாது என்பதற்காக. நீ மத்தாப்பு இல்லை. அந்தச் சொல்லை நான் திரும்ப எடுக்கிறேன். காலம் போய் எடுத்தால் அது உன்னிடமிருந்து போகுமா என்று எனக்குத் தெரியாது.

ஹலிஃபாக்ஸில் நீ பயிற்சியாளராகப் போகிறாய், உனக்குக் கீழே பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு எப்படி எறிவது என்று நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயம் எனக்கு உன்னைவிடக் கூடுதலாகத் தெரியும், அதை எழுதிவிடுகிறேன். ஒரு வாரம் பறந்து அடுத்த வாரம் விழுகிற பிள்ளை ஒன்று உன் அணியில் கட்டாயம் இருக்கும். அவளைத் திருத்துவதற்கு முதல், எறிந்த பிறகு அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார். அங்கே என்னைப்போல ஒரு ஆள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பான். அவனைக் கூப்பிட்டுக் கதை. தேவை என்றால் வர வேண்டாம் என்று சொல். அவனுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் பிள்ளையிடம் சொல்வதை அவனிடம் விட்டுவிடாதே. அவன் சொல்லமாட்டான். அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீயே அவளிடம் சொல்லு. நதாலி நல்லவர், அவர் செய்த ஒரே பிழை என்னை நம்பியது. அந்தப் பிள்ளை தவறவிடுகிற நாட்களில் நீ அவளோடு எப்படிக் கதைக்கிறாய் என்பதும், அவள் வெல்கிற நாட்களில் எப்படிக் கதைக்கிறாய் என்பதும் ஒன்றாக இருக்கட்டும். எனக்கு அது முடியாமல் போனது. உனக்கு முடியும். உன் காலில் கட்டுப் போட்டிருந்த மாதங்களில் வாங்கில் இருந்துகொண்டு, ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நீ முகம் துடைக்கத் துவாயை நீட்டியதைச் சத்தமில்லாத திரையில் நான் பார்த்தேன்.

வருகிற மார்கழியில் உங்கள் அணிக்கு அங்கே சொந்த அரங்கிலேயே ஆட்டம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அன்று வாங்கில் நிற்கப்போவது நீ, ஆடப்போவது நீ இல்லை. ஆனாலும் உன் முதல் ஆட்டம். ரயிலில் வர ஒரு நாள் பிடிக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நான் வரலாமா, மகள்? உடனே சொல்ல வேண்டாம். யோசித்துச் சொல். வா என்றால் வருவேன், நீ காட்டுகிற இடத்தில் இருப்பேன், கத்தமாட்டேன். வர வேண்டாம் என்றால் வராமல் இருப்பேன். அப்போது நான் ஏன் வரவில்லை என்பது உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

அப்பா